ஏதோ கஞ்சிக்குக் கெடக்கு

என் வீட்டுக்காரர் செல்லப்பாண்டிக்கு இரண்டு வாய். இருப்பதை இல்லை என்று சொல்ல ஒன்று, நடக்காததை நடந்தது என்று சொல்ல இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சிரிப்பாய்ச் சிரித்தது என் பிழைப்புதான்.

கம்பத்தை அடுத்த சுருளிப்பட்டிப் பக்கம் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். வெட்டு, அதாவது அறுவடை, நெருங்கும் சமயத்தில் பந்தலுக்குக் கீழே நிமிர்ந்து நடக்க முடியாது, குலை தலையில் இடிக்கும். அந்த நேரம் பார்த்து யாராவது வந்து, "என்னண்ணே, இந்த வெட்டு எப்படி?" என்று கேட்டால் போதும். மனிதர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "என்னத்தச் சொல்ல, நோய் விழுந்து போச்சப்பா. ஏதோ கஞ்சிக்குக் கெடக்கு" என்பார். அவரை மட்டும் குறை சொல்லக் கூடாது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். காய்ப்பை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம். கேட்கிறவனுக்கும் அது பொய் என்று தெரியும், அவனும் தன் தோட்டத்தைப் பற்றி அதையேதான் சொல்வான். இரண்டு பேரும் அழாத குறையாகப் பேசிவிட்டு ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுப் பிரிவார்கள்.

வீடு கட்டியபோது இவர் இன்னும் ஒரு படி மேலே போனார். மாடி எடுத்தார், உள்ளே கிரானைட் போட்டார், தெருப் பக்கச் சுவரை மட்டும் பூசாமல் செங்கலாகவே விட்டுவிட்டார். பூசினால் பளிச்சென்று தெரியுமாம். வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும், "இன்னும் பூச்சு வேலை முடியலையா?" என்று கேட்பார்கள். "கையில ஓட்டமில்ல" என்பார். அந்தச் சுவர் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே பார்த்திருந்தேன். அவர் போக்கு, அவர் தோட்டம், எனக்கென்ன வந்தது என்று இருந்துவிட்டேன். எனக்கும் வந்தது. 2006இல் வந்தது.

எங்கள் மகள் கயலைத் தேனியில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை கார்த்திக்ராஜுக்குக் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமான கையோடு இரண்டு பேரும் அமெரிக்கா போய்விட்டார்கள். முதலில் உண்டானது மூன்றாம் மாதமே தங்காமல் போனது. அந்தப் பிள்ளை அங்கே ஒற்றையில் படுத்துக்கொண்டு போனில் அழுதாள். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு அழுதேன். வேறென்ன செய்ய முடியும். மறுபடி உண்டானதும், "அம்மா, இந்தத் தடவை நீ என் பக்கத்துல இருக்கணும். நீ இருந்தா எனக்குப் பயமில்ல" என்றாள். தலைப்பிரசவம் தாய்வீட்டுக் கடமை. அவளால் இங்கே வர முடியாது, டாக்டர் பயணம் கூடாதென்று சொல்லிவிட்டார். அப்படியானால் தாய்தான் போக வேண்டும். "ஏழு கடல் தாண்டினாலும் வந்துருவேன் ஆத்தா, நீ தைரியமா இரு" என்று வாக்குக் கொடுத்தேன்.

தேனி கடைவீதியில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஏசுதாசன்தான் எங்களுக்கு பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தவர். விசாவுக்கும் அவரிடமே போனோம். மாப்பிள்ளை அழைப்புக் கடிதம் அனுப்பியிருந்தார். ஏசுதாசன் பட்டா, பேங்க் டெபாசிட், சொத்து மதிப்புச் சான்று என்று எல்லாவற்றையும் ஒரு பைலில் அழகாக அடுக்கினார். பிறகு எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்.

"அண்ணே, அங்கன பேப்பரை எல்லாம் ரொம்பப் பாக்க மாட்டாக. நீங்க பேசுறதத்தான் பாப்பாக. போனவுக திரும்பி வருவாகளா, இல்ல அங்கனயே தங்கிருவாகளா, அது ஒண்ணுதான் அவுகளுக்குக் கவலை. இங்கன உங்களுக்குச் சொத்து இருக்கு, தோட்டம் இருக்கு, போட்டுட்டு இருக்க முடியாதுன்னு அவுகளுக்குத் தெரியணும். இருக்கறத இருக்குன்னு சொல்லுங்க. கூடச் சொன்னாலும் தப்பில்ல, கொறச்சுச் சொல்லிறாதீக."

இவர் பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர் மாதிரி தலையாட்டினார்.

"இன்னொண்ணும் சொல்றேன். அக்கா மட்டும் எழுதிப் போட்டா இன்னும் நல்லதுண்ணே. புருசன் இங்கன இருக்காரு, திரும்பி வந்துரும்னு நம்புவாக."

"பொம்பளையத் தனியா அனுப்பிட்டு நான் இங்கன என்ன செய்யிறது? அவளுக்குப் பேசத் தெரியாதுப்பா. நான் பேசிக்கிறேன்" என்றார் இவர். பேசத் தெரியாதவள் நான். முப்பது வருசமாகத் தோட்டத்துக்கு ஆள் கூட்டுவதும், கூலி பேசுவதும், வியாபாரியிடம் சண்டை போடுவதும் யார் என்று ஏசுதாசனுக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நானும் வாயை மூடிக்கொண்டேன். காரியம் ஆக வேண்டுமே.

சென்னைக்குப் போனோம். காலையிலேயே அமெரிக்கத் தூதரகத்து வாசலில் ரோட்டோரம் வரிசை நின்றது. செல்போன் கூடாது, பை கூடாது என்று எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு பைலை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றோம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் விவரமானவள். "பாஸ்போர்ட்டை உள்ள வாங்கி வெச்சுக்கிட்டா கெடைச்சிருச்சுன்னு அர்த்தம். திருப்பிக் கையில குடுத்துட்டா இல்லைன்னு அர்த்தம்" என்று சொன்னாள். எனக்கு அதிலிருந்து யார் கையைப் பார்த்தாலும் பாஸ்போர்ட் இருக்கிறதா என்றே கண் போனது.

உள்ளே பெரிய ஹால். கண்ணாடிக்குப் பின்னால் அதிகாரிகள். எங்களைக் கூப்பிட்ட ஜன்னலில் வெள்ளைக்கார அதிகாரி, சின்ன வயதுதான், சிரித்த முகம். பக்கத்தில் தமிழ் பேசும் பெண் ஒருத்தி. அவர் இங்கிலீஷில் கேட்க, அவள் எங்களிடம் தமிழில் கேட்டாள். எங்களுக்குப் பின்னால் நாற்காலிகளில் கூட்டம் நிறைந்து உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக்குக் கேட்கும்படி பேச வேண்டும், பேசினால் பின்னால் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். இவர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அத்தனை கண்களையும் பார்த்தார்.

"என்ன தொழில் பண்றீங்க ஐயா?"

"வெவசாயந்தாங்க."

"எவ்வளவு நிலம் இருக்கு?"

நான் மனசுக்குள் சாமியைக் கும்பிட்டேன். சொல்லுங்க, பன்னிரண்டு ஏக்கர் திராட்சை, கிணறு இரண்டு, வீடு சொந்தம் என்று சொல்லுங்க.

"பெருசா ஒண்ணும் இல்லைங்க. ஏதோ கஞ்சிக்குக் கெடக்கு" என்றார்.

அந்தப் பெண் அதை இங்கிலீஷில் சொன்னாள். அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டார்.

"வருச வருமானம் எவ்வளவு வரும்?"

"என்னத்த வருமானம்மா. வர்றது மருந்தடிக்கவும் ஆள் கூலிக்குமே சரியாப் போயிருது."

நான் அவர் காலை மிதித்தேன். அவர் நகர்ந்து நின்றுகொண்டார். பைல் அவர் கைக்குள்ளேயே இருந்தது, கைக்குழந்தையை மூடிப் பிடிப்பதுபோல் துண்டால் மூடிப் பிடித்திருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டா நிலத்தை யார் பாத்துப்பாங்க?"

"அது பாட்டுக்குக் கெடக்கும்ங்க. பாக்க என்ன இருக்கு?"

"அமெரிக்காவுல எத்தனை நாள் இருப்பீங்க?"

இதற்கு ஏசுதாசன் தெளிவாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். பிரசவம் முடிந்து மூன்று மாதம், அடுத்த வெட்டுக்குத் திரும்பிவிடுவோம் என்று. இவரோ பெரிய மனிதத் தோரணையில், "மக எம்புட்டு நாளு இருக்கச் சொல்றாளோ அம்புட்டு நாளு" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்படி இல்லம்மா. எங்களுக்குப் பன்னெண்டு ஏக்கர் தெராட்சை இருக்கு. அடுத்த வெட்டுக்கு வந்தே ஆகணும். பேப்பரெல்லாம் வச்சிருக்கோம்" என்று கண்ணாடியை ஒட்டிக்கொண்டு சொன்னேன்.

"நீ சும்மா இரு" என்றார் இவர். சிரித்துக்கொண்டே அந்தப் பெண்ணிடம், "அவளுக்கு வெவரம் பத்தாதுங்க. அம்புட்டெல்லாம் இல்ல" என்றார்.

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. புருசன் இல்லை என்கிறான், பெண்டாட்டி இருக்கிறது என்கிறாள். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். கம்பத்துக்காரன் இல்லை என்றால் இருக்கிறது என்று அர்த்தம், அதைக் கடல் கடந்து வந்தவனுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? அவர் ஏதோ சொல்லிவிட்டு இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒரு தாளோடு சேர்த்துக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். "இந்தத் தடவை இல்லைங்க. மறுபடி அப்ளை பண்ணலாம்" என்றாள் அந்தப் பெண்.

வெளியே வந்து பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையை அடக்க முடியவில்லை. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன். இவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்குச் சொல்லிட்டு வர்றேன்" என்று எதிரே இருந்த போன் பூத்துக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்குள் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. திரும்பி வந்தவர் முகத்தில் ஒரு தெளிவு.

"சொல்லிட்டேன். நீ கயலுகிட்ட இதப்பத்திப் பேச்சே எடுக்காத. வயித்துப்புள்ளைக்காரி, மனசு வருத்தப்படக் கூடாது. அவளும் கேக்க மாட்டா" என்றார்.

வாழ்க்கையில் ஒரு தடவையாவது இந்த மனிதர் உருப்படியாக யோசித்தாரே என்று நினைத்தேன். அப்படி நினைத்த என் புத்தியை எதால் அடிப்பது?

ஊருக்கு வந்ததும் அடுத்த வாய் திறந்தது. டீக்கடையில் கேட்டவர்களிடமெல்லாம், "கொடிய வெட்டிவிடுற கவாத்து நேரமப்பா. தோட்டத்தப் போட்டுட்டு எவன் போவான்? அவுக குடுக்கறேன்னுதான் சொன்னாக, நாங்கதான் வேணாம்னுட்டோம்" என்று சொல்லியிருக்கிறார். என் காதுக்கு வந்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். இருக்கிற தோட்டத்தை விசா ஆபீசில் இல்லை என்றார். கிடைக்காத விசாவை டீக்கடையில் கிடைத்தது என்கிறார். ஊரில் பீற்றிக்கொள்ளட்டும், நமக்கு மறுபடி விசா கிடைத்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் மறுபடி எழுதிப் போட அவர் சம்மதிக்கவில்லை. நான் தனியாகத் தேனிக்குப் பஸ் ஏறிப் போய் ஏசுதாசனைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னதும் அவர் காலண்டரைப் பார்த்து நாள் எண்ணினார். "நேரம் இருக்குக்கா. இந்தத் தடவ நீங்க மட்டும் போங்க. உள்ளதச் சொல்லுங்க. பாஸ்போர்ட்டைக் கொண்டாங்க" என்றார். பாஸ்போர்ட் பீரோவில் இருந்தது, பீரோச் சாவி இவர் இடுப்பில் இருந்தது.

"ஒரு தடவ பட்ட அவமானம் போதும்" என்றார் இவர்.

"அவமானம் உங்களுக்குத்தான. புள்ள பெறப் போறது என் மக. சாவியக் குடுங்க."

"அடுத்த மாசம் பாப்போம்."

கெஞ்சினேன். சண்டை போட்டேன். சோறு தண்ணி இல்லாமல் கிடந்தேன். அவர் சகோதரி சோணையம்மாளைக் கூட்டி வந்து பேச வைத்தேன். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே கயலுக்கு எட்டாம் மாதம் வந்துவிட்டது. ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பட்ட அவமானம் அவ்வளவு உறைத்துவிட்டது என்று நினைத்து, கேவலம், அவர் மேல் கொஞ்சம் இரக்கம்கூடப் பட்டேன்.

கயல் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுவாள். குரல் மாறியிருந்தது. "சாப்ட்டியாம்மா", "மழை உண்டா", "சூரி போன் பண்ணுனானா" என்று தன் தம்பியை விசாரிப்பாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. நான் வரவில்லையே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவம், என்னை வருத்தப்படுத்தக் கூடாது என்று அடக்கிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். நானும் அவளை வருத்தப்படுத்தக் கூடாது என்று பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டதைச் சொன்னேன். போனை வைத்த பிறகு அடுப்படியில் போய் நின்று அழுவேன்.

கடைசியில் சம்பந்தியம்மாள் செல்வமணி போனாள். அவர்களுக்குத் தேனியில் ஒரு வீடும் ஒரு கடையும் உண்டு, அவ்வளவுதான். அவள் ஜன்னலில் நின்று அந்தக் கடைவீதியே தன்னுடையது என்று சொல்லியிருப்பாள், நாக்கு அப்படி. முதல் தடவையே பாஸ்போர்ட்டை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டார்கள். புறப்படுவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் சுக்கு, திப்பிலி எல்லாம் வாங்கி இடித்துக் கிண்டி வைத்திருந்த பிரசவ மருந்தை டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். என் கையால் என் மகளுக்கு ஊட்ட வேண்டியது.

"புள்ள பெறந்த பெறகு வெறும் வயித்துல குடுங்க மதினி. அவ கசக்குதுன்னு துப்புவா, விடாதீக" என்றேன்.

டப்பாவை வாங்கிக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நான் பாத்துக்கிறேன் மதினி. ஒவ்வொருத்தருக்கு மனசு ஒவ்வொரு மாதிரி. அதுக்கு யாரு என்ன செய்ய முடியும்" என்றாள். அமெரிக்கா போகிற திமிரில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பேத்தி பிறந்தாள். மகிமா என்று பெயர் வைத்தார்கள். சேதி சொன்னது செல்வமணிதான். கயலிடம் போனைக் கொடுத்தபோது, "வலி ரொம்ப இருந்துச்சா ஆத்தா?" என்று கேட்டேன். "அத்தை பக்கத்துலயே இருந்தாக" என்றாள். கேட்டதற்குப் பதில் அதுவல்ல என்று எனக்குத் தெரிந்தது. குளிப்பாட்டியது அத்தை, மருந்து கொடுத்தது அத்தை, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்தது அத்தை. ஒவ்வொரு வாரமும் அத்தை புராணம். பெற்றவள் நான் இங்கே போன் வயரைப் பிடித்துக்கொண்டு "அப்படியா, அப்படியா" என்றேன். செல்வமணி திரும்பி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைப் போனும் குறைந்துபோனது. மாதத்துக்கு ஒன்று என்று ஆனது.

பேத்திக்கு முதல் பிறந்தநாள் முடிந்த சமயம், ஒரு நாள் காலையில் கயல் கூப்பிட்டாள். இவர் தோட்டத்துக்குப் போயிருந்தார். பிள்ளை பின்னால் மழலை பேசுவது கேட்டது. "அவ பெறந்த ஒடனே தூக்கிக் கொஞ்ச எனக்குக் குடுத்து வைக்கலையே ஆத்தா" என்று சொல்லிவிட்டேன்.

"குடுத்து வைக்காம என்னம்மா? விசா குடுக்கறேன்னு சொன்ன பெறகும் நீதான வேணாம்னுட்ட."

"நான் வேணாம்னேனா?"

"பிளேன்ல ஏற மாட்டேன்னு ரோட்டுல உக்காந்து அழுதியாம். அப்பா அன்னைக்கே அங்க இருந்து போன் போட்டுச் சொன்னாக. நீ பயந்தவ, உன்னய எதுவும் கேக்கக் கூடாதுன்னு சொன்னாக. அதான் கேக்கல. ஆனா எனக்கு மனசு ஆறலம்மா. பக்கத்துல இரும்மான்னு உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான கேட்டேன்."

ஒரு வருசத்துக்கு மேலாக என் பிள்ளை என்னை எப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். செல்வமணி எதற்கு அப்படிப் பார்த்தாள், இவர் எதற்குச் சாவியைத் தரவில்லை, எல்லாம் ஒரே நிமிசத்தில் விளங்கியது. நான் மறுபடி எழுதிப் போட்டால் இவர் சொன்ன பொய் வெளுத்துவிடுமே. நடந்ததை நடந்தபடி சொன்னேன். கஞ்சிக்குக் கெடக்கு என்று சொன்னது, பாஸ்போர்ட் திரும்பி வந்தது, ஏசுதாசனிடம் நான் போனது, எல்லாம் சொன்னேன்.

"அப்பா எதுக்கும்மா பொய் சொல்லப்போறாக?" என்றாள். "இம்புட்டு நாள் கழிச்சு அவுக மேல போடாதம்மா. விடு."

"உங்கப்பாவையே சொல்ல வைக்கிறேன். சாயங்காலம் கூப்புடுறேன், எடு" என்று வைத்துவிட்டேன்.

இவர் தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவும்போதே கேட்டேன். மறுக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அந்த நேரத்துல வேற என்ன சொல்லச் சொல்ற? மாமனாருக்கு ஒண்ணும் இல்லன்னு வெளிய அனுப்பிட்டாகன்னா மாப்பிள்ளை என்ன நினைப்பாரு? சம்பந்தி வீட்டுல மதிப்பாகளா? பொம்பள பயந்துட்டான்னா யாரும் தப்பா எடுக்க மாட்டாக."

"என் மக எடுத்துட்டா" என்றேன். நம்பரைப் போட்டு ரிசீவரை அவர் கையில் திணித்தேன். "உள்ளதச் சொல்லுங்க. இல்லைன்னா இந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன்."

என் முகத்தைப் பார்த்துப் பயந்துதான் போனார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆத்தா, அப்பா பேசுறேன்" என்று ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்றேன். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

"அது ஒண்ணுமில்ல ஆத்தா. உங்கம்மா அன்னைக்குப் பயந்து வராமப் போனத நினைச்சு இப்ப ரொம்ப வருத்தப்படுறா. ராத்திரி தூங்க மாட்டேங்குறா. என்னென்னவோ பேசுறா. நீ எதையும் மனசுல வச்சுக்காத ஆத்தா. பெத்தவ, பாவம்" என்றார். குரல் தழுதழுத்தது. கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது.

நான் ரிசீவரைப் பிடுங்கினேன். சொல்ல வேண்டியதெல்லாம் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அந்தப் பக்கம் கயல் அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, அழுகாதம்மா. காலையில நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. பயம் எல்லாருக்கும் உண்டும்மா. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. இனிமே வாரா வாரம் கூப்புடுறேன், பாப்பாவ உன்கூடப் பேச வைக்கிறேன். சரியாம்மா?"

ஒரு வருசத்துக்கு மேலாக நான் ஏங்கிக் கிடந்த பழைய குரல் அது. செய்யாத தப்புக்கு என் மகள் என்னை மன்னித்துவிட்டாள். மறுபடி வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால், அப்பா மேல் பழி போடுகிறவள் என்று அந்தக் குரலும் போய்விடும். இவர் பக்கத்தில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"சரி ஆத்தா" என்றேன்.